ரோபோ பால் கறந்தால் பண்ணை பிழைக்குமா?

தைப்பூசம் நெருங்கிவிட்டால், பினாங்கு தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழும். பாலுக்கு யாரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? பேரங்காடிகளில் பெட்டிப் பால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தாலும், அன்று விடியற்காலையில் கறந்த பசும்பால்தான் வேண்டும் என்று பாலத்தைத் தாண்டி செபராங் பிறைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகளைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் அங்கே பால் கறந்துகொண்டிருப்பவர் யார்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஒருவர். உட்கார்ந்து எழ முழங்கால் இடம் கொடுக்காது. விரல்கள் காலையில் மரத்துப் போயிருக்கும். மகன் எங்கே என்று கேட்டால், தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை என்று பதில் வரும். 1972-ல் தொடங்கிய அந்தத் தடையற்ற வாணிப வட்டாரத்தில் இன்று மின்னணுப் பாகங்களைப் பொறுக்கி வைப்பதும் பொருத்துவதும் பெரும்பாலும் ரோபோ கைகளே. அந்தக் கைகளைப் பழுது பார்க்கும் வேலையில்கூட அந்த மகன் இருக்கலாம்.

அப்படியானால் அப்பாவின் கொட்டகைக்கும் அப்படி ஒரு கை வந்தால் என்ன? பால் கறக்கும் ரோபோவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. மாடு தானாக நடந்து வருகிறது, பெட்டிக்குள் நிற்கிறது, ஒரு கை நீண்டு வந்து காம்புகளில் குழாய்களை மாட்டுகிறது, பால் தொட்டிக்குப் போகிறது, மாடு வெளியேறுகிறது. மனிதரையே காணோம். பார்ப்பதற்கு அதிசயம்தான். ஆனால் பண்ணைக்காரர் பார்க்க வேண்டியது அதிசயத்தை அல்ல, கணக்கை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இந்த ரோபோ விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1992-ல் நெதர்லாந்து நாட்டுப் பண்ணை ஒன்றில்தான் முதன்முதலில் வணிக முறையில் பொருத்தப்பட்டது. கூலி ஆள் கிடைக்காத, கிடைத்தாலும் சம்பளம் கட்டுபடியாகாத குடும்பப் பண்ணைகளுக்காக உருவான கருவி அது. இன்று அந்த நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான பால் பண்ணைகளில் ரோபோதான் கறக்கிறது.

மாடு ஏன் தானாக வருகிறது? பால் கறக்க வேண்டும் என்ற ஆசையால் அல்ல. பெட்டிக்குள் தீவனம் விழும் என்று அதற்குத் தெரியும். கழுத்துப் பட்டையில் உள்ள அடையாளக் கருவி, வந்திருப்பது எந்த மாடு என்று கணினிக்குச் சொல்லிவிடும். கடைசியாக எப்போது கறந்தது, இப்போது மடியில் எவ்வளவு இருக்கும் என்று கணினி பார்க்கும். நேரமாகவில்லை என்றால் தீவனம் போடாமல் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடும். தீனிக்காகத் திரும்பத் திரும்ப வரும் பேராசைக்கார மாடுகள் எல்லாப் பண்ணையிலும் உண்டு!

நேரமாகியிருந்தால் வேலை தொடங்கும். முதலில் காம்புகளைச் சுத்தம் செய்கிறது. இது வெறும் துப்புரவு அல்ல. காம்பைத் தொட்டுத் தேய்க்கும்போதுதான் மாட்டின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற சுரப்பு எழுந்து, மடியின் மேல்பகுதியில் தங்கியிருக்கும் பால் கீழே இறங்கும். நம்மவர்கள் இதைச் 'சுரப்பு விடுவது' என்பார்கள். அந்தச் சுரப்பின் வேகம் ஐந்தாறு நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அடுத்து லேசர் ஒளியோ கேமராவோ கொண்டு ஒவ்வொரு காம்பும் இருக்கும் இடத்தைக் கண்டு, நான்கு குழாய்களையும் தனித்தனியாக மாட்டுகிறது.

இந்தத் 'தனித்தனியாக' என்பதில்தான் ரோபோவின் உண்மையான சிறப்பு இருக்கிறது. மடி என்பது ஒரே பை அல்ல. அது நான்கு அறைகள். பின்னறை இரண்டிலும் பால் அதிகம், முன்னறைகளில் குறைவு. சாதாரணக் கறவை இயந்திரத்தில் நான்கு குழாய்களும் ஒன்றாக மாட்டி ஒன்றாகக் கழற்றப்படும். முன்னறைகள் வற்றிய பிறகும் அவற்றை இயந்திரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காம்பு நுனி புண்ணாவதும், மடிநோய் புகுவதும் அப்படித்தான். ரோபோ, எந்த அறையில் பால் ஓட்டம் குறைகிறதோ அந்தக் குழாயை மட்டும் கழற்றிவிடும்.

அதோடு ஒவ்வொரு அறையின் பாலையும் அளக்கிறது; அதன் மின்கடத்துத் திறனைப் பார்க்கிறது. மடியில் அழற்சி ஏற்பட்டால் இரத்தத்திலிருந்து உப்பு பாலில் கலக்கும். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே இன்ன மாட்டின் இன்ன அறையில் சந்தேகம் என்று திரையில் வந்துவிடும். சில வேளை பொய் எச்சரிக்கையும் வரும். ஆகவே கையால் பார்த்து உறுதி செய்ய ஒருவர் வேண்டும்.

பதினெட்டு மணி நேரம்

ஒரு ரோபோ எத்தனை மாடுகளைக் கறக்கும்? ஏறத்தாழ அறுபது என்பார்கள். அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு மாடு பெட்டிக்குள் நுழைந்து வெளியேற ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கையால் கறக்கும்போது நாளுக்கு இரண்டு முறை. ரோபோவிடம் மாடுகள் சராசரியாக இரண்டரை முறைக்குச் சற்று மேல் போகின்றன. அறுபது மாடுகள், 2.6 முறை, ஏழு நிமிடம் என்று பெருக்கினால் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. மீதி நேரம் குழாய்களைக் கழுவவும், தீனிக்காக மட்டும் வந்த மாடுகளைத் திருப்பி அனுப்பவும், நடுச்சாமத்தில் எந்த மாடும் வராமல் சும்மா நிற்கவும் போய்விடும்.

அடிக்கடி கறப்பதால் பால் கூடுமா? கூடும். நாளுக்கு இரண்டு முறை கறந்த பண்ணைகளில் ரோபோ வந்த பிறகு ஐந்து முதல் பத்து விழுக்காடு கூடியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே மூன்று முறை கறந்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பாலின் தரத்தில் சில சங்கடங்களும் உண்டு. ரோபோவுக்கு மாறிய முதல் மாதங்களில் பாலில் கிருமி எண்ணிக்கை ஏறி, பிறகு தணிவதைப் பல நாடுகளில் கண்டார்கள். அடிக்கடி கறக்கும் பாலில் கொழுப்பு உடைந்து சிக்கு வாடை வரும் வாய்ப்பும் சற்று அதிகம்.

உழைப்பு மிச்சமாகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. நெதர்லாந்தில் ரோபோப் பண்ணைகளையும் சாதாரணப் பண்ணைகளையும் ஒப்பிட்டு 2007-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ரோபோப் பண்ணைகளில் உழைப்பு நேரம் 29 விழுக்காடு குறைவு என்று கண்டது. ஆனால் அதே ஆய்வில், வட்டி, தேய்மானம், கூலி ஆகியவற்றைக் கொடுக்கக் கையில் மிஞ்சும் பணம் சாதாரணப் பண்ணைகளில்தான் அதிகம். அந்தப் பணத்தை உழைக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மட்டுமே ரோபோப் பண்ணை முன்னே நிற்கிறது. விளங்கச் சொன்னால், ரோபோ பண்ணைக்குப் பணம் கொண்டு வரவில்லை; பண்ணைக்காரருக்கு நேரம் கொண்டு வந்தது. அந்த நேரத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் லாப நட்டம் அமைந்தது.

மிச்சமான நேரமும் முழு ஓய்வு அல்ல. தானாக வராத மாடுகள் எல்லா மந்தையிலும் உண்டு. அவற்றைப் போய் ஓட்டி வர வேண்டும். குழாய் நழுவினாலோ மின்சாரம் போனாலோ கைப்பேசி அலறும், அது நள்ளிரவானாலும்.

நம் மாடு அந்த மாடு அல்ல

நெதர்லாந்தில் அந்த ரோபோவுக்குள் நிற்பது ஹோல்ஸ்டீன் மாடு. நாளுக்கு முப்பது லிட்டரை ஒட்டிக் கொடுக்கும். அதன் மடியையும் காம்பையும் பல தலைமுறைகளாக இயந்திரத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். கன்றைப் பிறந்தவுடன் பிரித்துவிடுவார்கள். தாய் அதற்குப் பழகிப்போனது.

நம் கொட்டகைகளில் நிற்பது எது? மலாயாவின் தோட்டப்புறங்களுக்கு வந்த தமிழர்கள் தங்களோடு மாடுகளையும் கொண்டு வந்தார்கள். பால்மரம் சீவப் போகுமுன் லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவைக் கறந்து வைத்துவிட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். அந்த மாடுகளின் வழிவந்தவற்றைக் கால்நடை இலாகாவின் ஏடுகள் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே குறிக்கின்றன. ஆளின் பெயர் ஏட்டில் இல்லாவிட்டாலும் மாட்டின் பெயரில் இந்தியர் இருக்கிறார்! பின்னர் பிரீசியன் மாட்டையும் பஞ்சாபின் சாஹிவால் மாட்டையும் கலந்து 'மாஃப்ரிவால்' என்ற இனத்தை அரசாங்கம் உருவாக்கியது. மலேசியா, பிரீசியன், சாஹிவால் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். உண்ணியையும் வெயிலையும் தாங்கும் மாடு. பால் நாளுக்குப் பத்து லிட்டரை ஒட்டி இருந்தாலே நல்ல மாடு என்பார்கள்.

இந்த மாடுகளிடம் ஒரு குணம் உண்டு. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பலவும் சுரப்பு விடாது. அதனால்தான் கறவைக்காரர் முதலில் கன்றை அவிழ்த்து நான்கு வாய் ஊட்டவிட்டு, பிறகு பக்கத்தில் கட்டிவைத்துக் கறக்கிறார். கன்று இறந்துபோனால் பாலும் வற்றிப்போன கதைகளை மாடு வளர்த்த எந்தக் குடும்பமும் சொல்லும். ரோபோ காம்பைத் தேய்க்கும், ஆனால் கன்றாக முடியாது. மடியில் பால் இருந்தும் இறக்காத மாட்டின் காம்பை வெறும் உறிஞ்சலாக உறிஞ்சிவிட்டு, 'பால் குறைவு' என்று கணக்கில் எழுதிவிட்டு அனுப்பும். முதல் ஈற்றிலிருந்தே கன்றில்லாமல், கறக்கும்போது தீனி கொடுத்துப் பழக்கினால் கலப்பின மாடுகளில் பல மாறிவிடுகின்றன. ஆனால் அது ஒரு தலைமுறை மாட்டின் வேலை.

இன்னொன்று வெயில். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு ஒன்றைக் கால்நடை அறிவியலில் பயன்படுத்துகிறார்கள். அது 72-ஐத் தொட்டாலே ஹோல்ஸ்டீன் மாட்டுக்குத் திணறல் தொடங்கிவிடும். பினாங்கில் சாதாரண நண்பகலிலேயே அது எண்பதைத் தாண்டிவிடும். வெயிலில் தவிக்கும் மாடு தீனிக்காகக்கூட நடக்காது, நிழலை விட்டு அசையாது. பகலெல்லாம் ரோபோ சும்மா நிற்க, இரவில் எல்லா மாடுகளும் ஒன்றாக வந்து வரிசையில் நிற்கும். விசிறியும் நீர்த்தூவலும் வைக்காத கொட்டகையில் ரோபோ வைப்பது, கூரை இல்லாத வீட்டில் குளிர்சாதனம் பொருத்தியது போலத்தான்.

மேய்ச்சல் நாடுகளும் தங்களுக்கென்று வழி தேடியிருக்கின்றன. நியூசிலாந்தில் ஹாமில்டன் நகருக்கு அருகே 2001-ல் மேய்ச்சல் மாடுகளை ரோபோவுக்குப் பழக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து வட்டாரத்தில் முதல் பண்ணை ரோபோவை நிறுவியது. புதுப் புல்வெளிக்குப் போகும் வழியில் ரோபோவை வைத்து, புல்லையே தீனியாகக் காட்டி மாடுகளை வரவழைத்தார்கள். ஆகவே வேறு சூழலுக்கு மாற்றவே முடியாத கருவி என்று சொல்ல முடியாது. மாற்றுவதற்கு இடமும் காலமும் பணமும் அவர்களிடம் இருந்தன.

லிட்டருக்கு ஒரு ரிங்கிட்

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு ரோபோவின் விலை ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலரில் தொடங்குகிறது. நம் பணத்தில் குறைந்தது ஆறு லட்சம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு அறுபதாயிரம். வட்டி, மின்சாரம், பராமரிப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை.

இருபது கறவை மாடு வைத்திருக்கும் ஒருவர். மாட்டுக்கு நாளுக்குப் பத்து லிட்டர், ஆண்டில் முந்நூறு நாள். மொத்தம் அறுபதாயிரம் லிட்டர். ஒவ்வொரு லிட்டர் பாலும் ரோபோவுக்கு மட்டும் ஒரு ரிங்கிட் கட்ட வேண்டும். தீவனம், மருந்து, வண்டி எண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாடுகளை அறுபதாகப் பெருக்கினால் செலவு லிட்டருக்கு முப்பத்துமூன்று சென்னாகக் குறையும். அதே ரோபோ நெதர்லாந்தில், அறுபது மாடு, முப்பது லிட்டர் என்று ஓடும்போது லிட்டருக்குப் பதினொரு சென்தான்.

அங்கும் இங்கும் கருவி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். மூன்று லிட்டர் கொடுக்கும் மாட்டையும் பன்னிரண்டு லிட்டர் கொடுக்கும் மாட்டையும் கழுவி மாட்ட ரோபோவுக்கு ஒரே நேரம்தான் ஆகிறது. குறைந்த பால் மாட்டை அடிக்கடி கறப்பதில் பயனில்லை என்பதும் இதனால்தான். பத்து லிட்டர் மாட்டில் பத்து விழுக்காடு கூடினால் கிடைப்பது ஒரு லிட்டர்.

அப்படியானால் நம் நாட்டில் பெரும்பண்ணைகள் இல்லையா என்று கேட்கலாம். ஜொகூரிலும் பகாங்கிலும் இருக்கின்றன. நெகிரி செம்பிலான் கெமாஸில் எஃப் அண்ட் என் நிறுவனம் பெரும் முதலீட்டில் ஒன்றை அமைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மாடுகளைக் கறப்பவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது பெட்டி ரோபோவை அல்ல, சுழலும் மேடையை. ராட்டினம் போல் மெல்லச் சுற்றும் மேடையில் மாடுகள் ஏறி, ஒரு சுற்று முடிவதற்குள் கறந்து இறங்கிவிடும். மணிக்குச் சில நூறு மாடுகள். பெட்டி ரோபோ, பெரியவருக்கும் சிறியவருக்கும் இடையில் நிற்கும் அறுபது, நூற்றிருபது மாட்டுக் குடும்பப் பண்ணைக்குரியது. செபராங் பிறைப் பால்காரர் அந்த அளவுக்கு வளர்வதற்குத் தடையாக நிற்பது மாடோ இயந்திரமோ அல்ல, நிலம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அனுமதி நிலத்தில் கொட்டகை போட்டிருப்பவருக்கு எந்த வங்கி ஆறு லட்சம் கொடுக்கும்? கொடுத்தாலும், அடுத்த ஆண்டு வீடமைப்புத் திட்டம் வந்தால் சிமெண்டில் பதித்த ரோபோவைப் பெயர்த்துக்கொண்டு எங்கே போவது?

ஆறு லட்சம் இல்லாமல் செய்யக்கூடியவை

ரோபோ வாங்க முடியாதவர் அது வேலை செய்யும் விதத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை.

ஒரு மாட்டை மட்டும் கறக்கும் வாளி இயந்திரம், ரோபோ விலையில் மிகச் சிறு பங்குதான். இருபது மாட்டுக்காரருக்கு விரல் வலியைத் தீர்க்க அது போதும். ஆனால் அதை மாட்டிவிட்டு அடுத்த மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவதுதான் நம் கொட்டகைகளில் நடக்கும் தவறு. ரோபோ ஒரு நொடிகூட அப்படிப் போவதில்லை. பால் ஓட்டம் நின்றதும் கழற்ற வேண்டும். கழற்றுமுன் காற்று அழுத்தத்தை நிறுத்த வேண்டும். இழுத்துப் பிடுங்கக் கூடாது.

காம்பைக் கழுவித் துடைத்த ஒரு நிமிடத்துக்குள் குழாயை மாட்ட வேண்டும். எல்லா மாடுகளையும் வரிசையாகக் கழுவிவிட்டுப் பிறகு வரிசையாக மாட்டினால், கடைசி மாட்டின் சுரப்பு வீணாகிவிடும். ஈரக் காம்பில் மாட்டினால் அழுக்கு நீர் பாலோடு போகும். ஆகவே ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் இருபது மடியைத் துடைப்பது, ஒரு மாட்டின் நோயை இருபது மாட்டுக்கும் பங்கு வைப்பதாகும்.

முதல் பீர்களைக் கறுப்பு மூடியிட்ட கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்த்தால் திரிந்த துணுக்குகள் பளிச்சென்று தெரியும். ரோபோவின் மின்கடத்துச் சோதனைக்கு ஈடாகாவிட்டாலும், மடிநோயைத் தொடக்கத்திலேயே பிடிக்க இது உதவும். கறந்து முடித்தவுடன் காம்பு நுனியைக் கிருமிநாசினியில் நனைப்பதும், அரை மணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் தீனி காட்டி நிற்க வைப்பதும் அடுத்தவை. கறந்த பிறகு காம்புத் துவாரம் மூட நேரமாகும். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும்.

மாட்டுக்கு மாடு எழுதி வைப்பதும் முக்கியம். இன்ன மாடு காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தாலே, எந்த மாடு தீவனத்தைத் தின்று கணக்கை விழுங்குகிறது என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். 'எனக்கு எல்லாம் மனதில் இருக்கிறது' என்பார்கள் பெரியவர்கள். இருக்கலாம். ஆனால் அவர் மனதில் இருப்பது மகனுக்குத் தெரியாதே!

நாலைந்து பண்ணைக்காரர்கள் மாடுகளை ஒரே கொட்டகையில் சேர்த்து, பொதுவாக ஒரு ரோபோ வாங்கினால் என்ன என்ற யோசனையும் சிலருக்கு வரக்கூடும். கணக்குப்படி அறுபது மாடு சேர்ந்தால் சென் குறையும். ஆனால் நீண்ட காலக் குத்தகை நிலம் முதலில் கையில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தபடி விற்பவரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல. பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவார் என்பதைத்தான். வாளி இயந்திரம் கெட்டால் கையால் கறக்கலாம். அறுபது மாடுகளைப் பழைய கை மறந்துபோன பிறகு ரோபோ கெட்டால், மடி கட்டி நிற்கும் மாடுகளை யார் கறப்பது? இடிமழையில் மின்சாரம் போகும் ஊர் இது. சொந்த மின்னாக்கி இல்லாமல் இந்தப் பேச்சே வேண்டாம்.

நள்ளிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை ஒலித்தால் திரையைப் படித்து, குழாய் நழுவியதா, கேமரா அழுக்கானதா, மாடு உதைத்ததா என்று பிரித்தறிய ஒருவர் வேண்டும். அறுபது வயதுத் தந்தைக்கு மாட்டைத் தெரியும், திரையைத் தெரியாது. பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் மகனுக்குத் திரையைத் தெரியும். எந்த மாடு எந்தப் பக்கம் உதைக்கும் என்று அவர் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.